ஹாலாங்கில் ஓர் இரவு, லான் ஹாவில் ஒரு பகல்

ஞாயிறு, ஹனோய்

ஹனோயின் பழைய நகரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஹாலாங் விரிகுடாவின் படம் கண்ணில் படும். பச்சைத் தண்ணீர், அதிலிருந்து செங்குத்தாக எழும் பாறைத் தீவுகள், நடுவே பாய் விரித்த படகு. எங்கள் விடுதியின் வரவேற்பு மேசையிலும் ஒரு கட்டு விளம்பரத் தாள்கள் கிடக்கின்றன. எல்லாத் தாள்களிலும் வானம் நீலம். வெளியே தெருவில் மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று பெய்துகொண்டிருக்கிறது.

வடக்கு வியட்நாமில் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் இப்படித்தான். வடகிழக்கிலிருந்து வரும் காற்று கடல்மேல் சுற்றிக்கொண்டு ஈரத்தோடு வருகிறது. குளிர்ந்த கரையோர நீரைத் தொட்டதும் மூடுபனியும் தூறலுமாகிறது. துவைத்த துணி காயவே மாட்டேன் என்கிறது. அறையின் டைல்ஸ் தரை வியர்த்துக் கிடக்கிறது.

"அக்கா, இந்த வானத்தைப் பார்க்க நூறு டாலரா?" என்றான் தம்பி. நியாயமான கேள்வி. ஆனாலும் பதிவு செய்துவிட்டோம்.

படகு எடுக்கப்போகிறவர்களுக்காக, இன்று பாதி நாள் விசாரித்ததில் தெரிந்துகொண்டதை எழுதிவிடுகிறேன். "இரண்டு நாள், ஓர் இரவு" என்று விற்பதைக் கணக்குப் பார்த்தால் படகில் இருப்பது சுமார் 22 மணி நேரம். மதியம் ஏறி, மறுநாள் முற்பகலில் இறங்கிவிடுவோம். மிச்சமெல்லாம் பேருந்தில் போகும். ஒரே நாளில் போய்த் திரும்புகிற பயணமும் உண்டு. காலையிலும் மாலையிலும் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தே சலித்துப்போகும், அது வேண்டாம். மூன்று நாள் பயணம்தான் உண்மையில் நல்லது, எங்கள் கையிலிருந்த காசுக்குக் கட்டுப்படியாகவில்லை. எனவே நடுத்தரமான படகு ஒன்றில் ஓர் இரவு. ஆளுக்கு நூறு டாலருக்குக் கொஞ்சம் மேல். பேருந்து, சாப்பாடு, கயாக் என்ற சிறு துடுப்புப் படகு எல்லாம் அதற்குள் அடக்கம். படகில் வாங்கும் பானங்களுக்கு மட்டும் தனிக் காசு.

இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். 2025 ஜூலையில் இந்த விரிகுடாவில் திடீரென்று அடித்த சூறைக்காற்றில் ஒரு பகல்நேரச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். வானிலை மோசமென்றால் துறைமுக அதிகாரிகள் படகுகளை வெளியே விடுவதில்லை. அப்படி நிறுத்தினால் பணம் முழுதாகத் திரும்பி வருமா, வேறு தேதி தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விடுதிப் பெண் முதலில் சிரித்தார், அப்புறம் எழுதிக் கொடுத்தார்.

திங்கள், டுவான் சாவ் துறை

பேருந்து எட்டு மணிக்குக் கிளம்பியது. முன்பு நாலு மணி நேரம் பிடித்த பாதையாம் இது. 2015-இல் ஹனோய் - ஹாய் ஃபாங் விரைவுச்சாலையும், 2018-இல் அங்கிருந்து ஹாலாங் போகும் சாலையும் வந்தபிறகு இரண்டரை மணி நேரம்தான். வழியில் முத்துக் கடை ஒன்றில் நிறுத்தினார்கள். நிறுத்தாமல் விடமாட்டார்கள், கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்துகொண்டோம்.

ஹாலாங்கை நெருங்கும்போது கம்பி வடங்களில் தொங்கும் நீளமான பாலம் ஒன்று வருகிறது. கீழே அகலமான, கலங்கிய ஆறு. அது பாச் டாங். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான் தம்பியை எழுப்பினேன். வியட்நாம் வரலாற்றில் இந்த ஆற்றுக்கு உள்ள இடம் சாதாரணமானதில்லை. 938-இல் நோ க்வியென் என்ற தளபதி ஆற்றின் அடியில் கூர்மையான மரக்கழிகளை நட்டு வைத்தார். கடல் ஏறியிருக்கும்போது சீனாவின் தென் ஹான் அரசின் கப்பல்களை ஆசைகாட்டி உள்ளே இழுத்தார். நீர் வற்றத் தொடங்கியதும் கப்பல்கள் கழிகளில் குத்தி நின்றன. 1288-இல் சான் ஹுங் தாவ் இதே ஆற்றில், இதே உத்தியால் குப்லாய் கானின் மங்கோலியப் படையை முடித்தார். முன்னூற்றைம்பது வருடம் கழித்தும் அதே பொறி வேலை செய்திருக்கிறது.

அதற்குக் காரணம் இந்தக் கடலின் ஒரு குணம். பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். இந்த டோங்கின் வளைகுடாவில் ஒரே ஒரு முறைதான். ஏற அரை நாள், வற்ற அரை நாள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 3 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும் நாட்களும் உண்டு. ஜூன், டிசம்பரை ஒட்டி அது பெரிதாகவும், மார்ச்சில் சுமாராகவும் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு போனால் விரிகுடாவில் பார்க்கும் பாதி விஷயங்கள் தாமாகவே புரியும்.

டுவான் சாவ் துறையில் படகுகள் எல்லாம் வெள்ளை நிறம். விளம்பரத்தில் பார்த்த பழுப்பு மரப்படகைத் தேடிக் களைத்துப்போக வேண்டாம். சுற்றுலாப் படகுகள் வெள்ளையடிக்க வேண்டும் என்று 2012-இல் மாகாண நிர்வாகம் உத்தரவிட்டது. அப்போது பெரிய விவாதமே நடந்திருக்கிறது. எனக்கென்னவோ பழைய நிறமே பாறைகளோடு ஒத்துப்போயிருக்கும் என்று தோன்றுகிறது. எங்கள் படகின் ஆரஞ்சுப் பாய்கள் அலங்காரத்துக்கு மட்டும். ஓட்டுவது டீசல்.

கேபின் சிறியது, சுத்தமாக இருந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டே ஜன்னல் வழியாக நீரைப் பார்க்கலாம். ஏறியவுடன் லைஃப் ஜாக்கெட் எங்கே, எப்படிப் போடுவது, எந்தக் கதவு வழியாக வெளியேறுவது என்று வழிகாட்டி விளக்கினார். பாதிப் பேர் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் நிறுத்திவிட்டு, எல்லோரும் பார்க்கும்வரை பேசாமல் நின்றார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது அப்போதுதான். குடிக்க பிளாஸ்டிக் பாட்டில் இல்லை, கேனில்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். 2019-இலிருந்து விரிகுடாவில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை.

மதியச் சாப்பாடு ஓடிக்கொண்டிருக்கும்போதே தீவுகள் தொடங்கிவிட்டன. முதலில் ஒன்றிரண்டு. பிறகு எந்தப் பக்கம் பார்த்தாலும் பாறை. இவை எல்லாம் சுண்ணாம்புக்கல். பல கோடி ஆண்டுகள் தரையில் மலைகளாக நின்று, மழைநீரில் கரைந்து கரைந்து கூம்புகளாகவும் தூண்களாகவும் ஆனவை. கடைசிப் பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது பள்ளத்தாக்குகள் மூழ்கிவிட்டன, உச்சிகள் மட்டும் வெளியே நிற்கின்றன. ஆகவே நாம் படகில் போவது மலைகளின் இடுப்பு உயரத்தில். கணக்குக்கு 1,969 தீவுகள் என்கிறார்கள். 1994-இல் இயற்கை அழகுக்காக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, 2000-இல் நிலவியலுக்காக இன்னொரு முறை. டிராகன் ஒன்று இறங்கிவந்து துப்பிய முத்துக்கள்தான் தீவுகளாயின என்ற கதையை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். எங்கள் ஆள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து 2 லட்சம் டாங் நோட்டை எடுத்துக் காட்டினார். அதன் பின்பக்கத்தில் இருப்பது தூபக்கால் போன்ற ஒரு சிறு பாறைத் தீவு. படகு அதைக் கடக்கும்போது எல்லோரும் நோட்டைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். நாங்களும்தான்.

அடுத்து சுங் ஸோட் குகை. 1901-இல் பிரெஞ்சுக்காரர்கள் கண்ணில் பட்ட குகை இது. நுழையும்போது சாதாரணமான ஓர் அறை, இவ்வளவுதானா என்று நினைக்கும்போது ஒரு இடுக்கைத் தாண்டினால் மண்டபம் விரிகிறது. மேற்கூரை முழுக்கக் குழி குழியாக, காற்றில் அலைந்த மணல்மேடு தலைகீழாக நிற்பதுபோல இருக்கிறது. சரி, அழகுதான். ஆனால் எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் ஆட்களை இறக்கிவிடுகின்றன. வரிசையில் நகர்ந்தபடியே பார்க்க வேண்டும். முன்னால் ஒரு குழுவின் கொடி, பின்னால் ஒரு குழுவின் கொடி. பாறை ஆமை, பாறைக் குதிரை, பாறை வாள் என்று ஒவ்வொன்றுக்கும் வண்ண விளக்கு வேறு போட்டிருக்கிறார்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கையில் ஒரு டார்ச் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டி டோப் தீவு எனக்கு இதைவிடப் பிடித்தது. பெயர் வியட்நாமியப் பெயரே அல்ல. ககாரினுக்கு அடுத்து, 1961-இல் பூமியைச் சுற்றிவந்த சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் டிட்டோவின் பெயர். 1962-இல் அவரை ஹோ சி மின் இங்கே அழைத்துவந்து காட்டினார், தீவுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். கரையில் சிலையும் நிற்கிறது. பிறை வடிவில் குட்டி மணற்கரை, அதன் பின்னால் நானூறுக்கும் மேற்பட்ட படிகள். படிகள் ஈரமாக வழுக்கின. மேலே போனபோது மேகம் கொஞ்சம் கிழிந்து, கீழே வெள்ளைப் படகுகள் வளையம்போல் நங்கூரமிட்டிருப்பது தெரிந்தது. விண்ணிலிருந்து பூமியைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இந்த உயரம் எப்படி இருந்திருக்கும் என்று தம்பி கேட்டான். மூச்சு வாங்கியதில் நான் பதில் சொல்லவில்லை.

திங்கள் இரவு, படகில்

நினைத்த இடத்தில் நங்கூரம் போட அனுமதி கிடையாது. இரவு தங்குவதற்கென்று குறித்த இடங்கள் உண்டு, எல்லாப் படகுகளும் அங்கேதான் நிற்க வேண்டும். எனவே "தீவுகளுக்கு நடுவே தன்னந்தனியாக ஓர் இரவு" என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். மேல்தளத்திலிருந்து எண்ணத் தொடங்கி இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ஒவ்வொன்றிலும் விளக்கு மாலை. பக்கத்துப் படகில் கரோக்கி. பாடியவர் மிக உருக்கமாகப் பாடினார், சுருதிதான் அவரோடு ஒத்துவரவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் கணவாய் மீன் பிடிக்கும் நேரம். படகின் பின்புறத்தில் நீரை நோக்கி ஒரு பலமான விளக்கு. வெளிச்சத்துக்குச் சின்ன மீன்கள் கூட்டமாக வரும், அவற்றைத் தின்ன கணவாய் வரும் என்பது கணக்கு. ஆளுக்கொரு மூங்கில் தூண்டில் கொடுத்தார்கள். மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பயணிகளில் ஒருவருக்கும் ஒன்றும் மாட்டவில்லை. சமையற்காரர் வந்து ஐந்து நிமிடம் நின்று இரண்டைத் தூக்கி வாளியில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் உள்ளே போனார்.

தூறல் நின்றிருந்தது. கூட்டம் கலைந்தபின் வழிகாட்டி தூண்டில்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். அவர் பிறந்தது இந்த நீரின்மேல்தான். இங்கிருந்து தென்கிழக்கே உள்ள குவா வான் என்ற மிதக்கும் மீனவக் கிராமத்தில். பீப்பாய்கள்மேல் கட்டிய மர வீடுகள், மிதக்கும் பள்ளிக்கூடம், வாசலில் கட்டிய படகு. 2014-இல் விரிகுடாவில் இருந்த மிதக்கும் கிராமங்களின் மக்களை அரசு கரைக்கு மாற்றியது. புயலில் பாதுகாப்பு, பிள்ளைகளின் படிப்பு, கடல் அசுத்தமாகாமல் இருப்பது என்று காரணங்கள் சொன்னார்கள்.

"நல்லதுதானே?" என்றேன்.

"என் மகளுக்கு நல்லதுதான். கரையில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது," என்றார். "அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. வீடு கரையில், மீன் கடலில், நடுவில் டீசலுக்கு யார் காசு தருவது என்று கேட்டார்."

அப்பா இப்போது என்ன செய்கிறார் என்றேன். பழைய கிராமம் இருந்த இடத்தில் பயணிகளை மூங்கில் படகில் ஏற்றித் துடுப்புப் போடுகிறாராம். காலையில் கரையிலிருந்து வேலைக்கு வருகிறார், மாலையில் வீடு திரும்புகிறார். இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. கரைக்குப் போனது தவறென்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. புயல் அடிக்கும்போது நான் இங்கே இருக்கப்போவதில்லை. ஆனால் வாழ்ந்த இடத்துக்கே சீருடை போட்டுக்கொண்டு வேலைக்கு வருவது கொஞ்சம் கனமான விஷயம்தான்.

2024 செப்டம்பரில் யாகி புயல் இங்கேதான் கரையேறியது. சுற்றுலாப் படகுகள் பல, ஒதுங்கி நின்ற இடத்திலேயே மூழ்கின. "கரையில் வீடு இருந்தது நல்லதாயிற்று என்று அன்றைக்குத்தான் அப்பா சொன்னார். ஒரே ஒரு தடவை," என்றார்.

பதினொரு மணிக்குக் கரோக்கி ஓய்ந்தது. ஜெனரேட்டர் ஓயவில்லை. முன்புறக் கேபின் கேட்டு வாங்குங்கள், எங்களுடையது பின்புறம்.

செவ்வாய், லுவோன் குகை

ஐந்தரைக்கு எழுந்து மேலே போனேன். இந்தப் பயணத்துக்கு நான் கொடுத்த பணம் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். மூடுபனியில் பக்கத்துப் படகுகள் காணாமல் போயிருந்தன. தீவுகள் மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக, கறுப்பு, சாம்பல், வெளிர் சாம்பல், அதற்கப்பால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒன்று. நீல வானம் இருந்திருந்தால் இத்தனை அடுக்குகள் தெரிந்திருக்காது. விளம்பரத் தாள்காரர்கள் தவறான மாதத்தில் படம் எடுத்துவிட்டார்கள்.

நேற்று மாலை நாங்கள் நங்கூரமிட்டபோது நீர் ஏறியிருந்தது. இப்போது வற்றிக் கிடந்தது. ஒவ்வொரு தீவின் அடியிலும் சுற்றிலும் உள்வாங்கிய ஒரு வெட்டு தெரிந்தது. கடல் தினமும் ஏறி இறங்கிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்தும், பாறையைத் துளைக்கும் சிறு உயிர்கள் அரித்தும் உண்டானது அது. சில தீவுகள் காளான் மாதிரி ஒல்லிக் காலில் நின்றன. வெட்டுக்குக் கீழே சிப்பிகள் அப்பியிருந்த கறுப்புப் பட்டை. நேற்றைக்கு இதெல்லாம் நீருக்குள் இருந்தது.

ஆறரைக்குத் தாய் சீ என்ற மெதுவான சீன உடற்பயிற்சி வகுப்பு. தம்பி போனான். ஆசிரியராக நின்றவர் நேற்று கணவாய் பிடித்த அதே சமையற்காரர்! இந்தப் படகில் எல்லோரும் எல்லா வேலையும் செய்கிறார்கள்.

காலை உணவுக்குப் பிறகு லுவோன் குகை. செங்குத்துப் பாறையின் அடியில் வளைவான ஒரு துளை, அதன் வழியாகக் கயாக்கில் நுழைந்தால் மறுபக்கம் சுற்றிலும் மலைச்சுவர் எழுந்த ஒரு குளம். வேறு வழி கிடையாது, நீர்வழி ஒன்றுதான். கயாக் வேண்டாதவர்களை மூங்கில் படகில் அழைத்துப் போகிறார்கள், ஒரு பெண்மணி நின்றபடி துடுப்புப் போடுவார். நாங்கள் கயாக் எடுத்தோம். தம்பி முன்னால், நான் பின்னால். "இடது பக்கம் போடுடா" என்று நான் சொல்ல, அவன் வலது பக்கம் போட, பாறைக்கு மிக அருகில் போய்வந்தோம். சிப்பி ஓடுகள் கத்தி போலக் கூர்மை. கையை வெளியே நீட்டாதீர்கள் என்று சொன்னது இதற்குத்தான்.

உள்ளே சத்தம் அப்படியே அடங்கிவிடுகிறது. மரங்கள் பாறை இடுக்கில் வேர்விட்டுத் தொங்குகின்றன. குரங்குகள் இரண்டு வந்து எங்களைப் பார்த்துவிட்டு, சாப்பிட ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டன. இருபது நிமிடத்தில் அடுத்த படகின் கயாக்குகள் வரிசையாக உள்ளே வந்தன. நாங்கள் கிளம்பினோம்.

பதினொன்றுக்குத் துறையில் இறக்கிவிட்டார்கள். பெரும்பாலானோர் ஹனோய்ப் பேருந்தில் ஏறினார்கள். நாங்கள் அதே டுவான் சாவிலிருந்து கார்களும் பைக்குகளும் ஏற்றிப்போகும் ஃபெர்ரியில் காட் பா தீவின் ஜியா லுவான் துறைக்குப் போனோம். இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஒரு நாளைக்குச் சில தடவைதான் ஓடும், நேரம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல், நேற்று காசு கொடுத்துப் பார்த்த அதே தீவுகளின் நடுவே, பஸ் டிக்கெட் விலைக்குப் போகலாம். எங்களோடு வந்தவர்கள் வாழைத்தார், இரண்டு கோழி, ஒரு குளிர்பதனப் பெட்டி.

ஜியா லுவானிலிருந்து காட் பா ஊருக்குச் சாலை தேசியப் பூங்காவை ஒட்டிப் போகிறது. 1986-இல் அறிவித்த பூங்கா. யாகி முறித்த மரங்கள் இன்னும் சில இடங்களில் சாய்ந்தே கிடக்கின்றன. ஊரில் கட்டுமான வேலைத் தூசி. விடுதி மலிவு. துணி இங்கேயும் காயவில்லை.

புதன், லான் ஹா

வரைபடத்தில் பார்த்தால் ஹாலாங்கும், காட் பாவை ஒட்டிய லான் ஹா விரிகுடாவும் ஒரே கடல், ஒரே பாறைகள். ஆனால் நடுவில் நிர்வாக எல்லை ஓடுகிறது. ஹாலாங் க்வாங் நின் மாகாணத்துக்கு, லான் ஹா ஹாய் ஃபாங் நகரத்துக்கு. டிக்கெட் தனி, படகு உரிமம் தனி. 2023-இல் யுனெஸ்கோ காட் பாவையும் சேர்த்து ஒரே பாரம்பரியக் களமாக ஆக்கிவிட்டது. தண்ணீரில் கோடு அப்படியேதான் இருக்கிறது.

பென் பேவ் துறையில் ஒரு சிறு மரப்படகைப் பேசிக்கொண்டோம். ஒரு தம்பதி ஓட்டுகிறார்கள். நாங்கள், ஒரு கொரியக் குடும்பம், பின்னால் கட்டி இழுக்கும் கயாக்குகள், அவ்வளவுதான். ஒன்பது மணிக்குப் போகலாமா என்றதற்கு அந்த அக்கா தலையாட்டி மறுத்து, கடிகாரத்தில் ஏழைக் காட்டினார். கயாக்கில் நுழையும் குகை ஒன்று உண்டு, நீர் ஏறுமுன் அங்கே போக வேண்டும். தம்பிக்கு ஏழு மணி என்பது நடு இரவு. ஆனாலும் வந்தான்.

துறையைத் தாண்டினதும் காய் பேவ் மிதக்கும் கிராமம். குவா வானில் இல்லாமல் போனது இங்கே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கட்டம் கட்டமாக வலை தொங்கும் மீன் பண்ணைகள், நடுவே ஒற்றை அறை வீடு, தகரக் கூரை, தொட்டியில் கீரை. ஒவ்வொரு வீட்டிலும் நாய். ஒரு கட்டைமேல் நாலு கால்களையும் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு நாயைப் பார்த்துக் குரைக்கிறது, குதித்துப் போக முடியாத கோபம் எல்லாம் குரலில். இங்கேயும் யாகி கூண்டுகளை அடித்துக்கொண்டு போனது. அதற்கு முன்பே, விரிகுடாவில் நெருக்கடி அதிகம் என்று நகர நிர்வாகம் பண்ணைகளைக் குறைத்துவந்தது. படகுக்காரர் ஒரு வெற்றிடத்தைக் காட்டி, பிறகு தன்னைக் காட்டினார். அவருடைய பண்ணை அங்கே இருந்ததாம். இப்போது எங்களைப் போன்றவர்களை ஏற்றிப்போகிறார்.

குகை வாயில் நாங்கள் போனபோது நீரிலிருந்து நல்ல உயரத்தில் இருந்தது. கயாக்கில் உள்ளே போனோம். நடுவில் ஒரு திருப்பம், அங்கே முழு இருட்டு. துடுப்பு நீரில் படும் ஓசை கூரையில் மோதித் திரும்புகிறது. அப்புறம் முன்னால் பச்சை வெளிச்சம், வட்டமான ஒரு குளம். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. நாங்கள் அங்கே நேரம் போவது தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தோம். வெளியே அந்த அக்கா தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. திரும்பும்போது கூரை கொஞ்சம் கீழே வந்துவிட்டதுபோல இருந்தது. உண்மையில் நாங்கள்தான் மேலே வந்திருந்தோம். வரும்போது தலைக்கு மேலே நின்ற சிப்பிப் பட்டை இப்போது தோள் மட்டத்துக்கு வந்திருந்தது. பாச் டாங்கில் நின்ற கப்பல் தலைவனுக்கு இதன் தலைகீழ் அனுபவம் வாய்த்திருக்கும் என்று தம்பியிடம் சொன்னேன். "இப்போ துடுப்புப் போடு அக்கா" என்றான்.

மதியம் படகிலேயே சமைத்தார்கள். சோறு, வறுத்த மீன், கடுகுக்கீரை, கணவாயை அரைத்துத் தட்டிப் பொரித்த அடை. முந்தாநாள் பெரிய படகில் ஆறு தட்டில் அலங்காரமாக வந்ததைவிட இது ருசி.

குரங்குத் தீவு என்ற இடத்தில் இறங்கவில்லை. அங்கே இருப்பவை பயணிகளின் பையைப் பறிக்கப் பழகிய சாதாரணக் குரங்குகள். காட் பாவின் உண்மையான பெருமை பொன்னிறத் தலையுள்ள லங்கூர் குரங்கு. உலகத்தில் இந்தத் தீவில் மட்டும்தான் உண்டு, நூறுகூட இல்லை. பாரம்பரிய மருந்துக்காக வேட்டையாடியே இந்த நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். செங்குத்தான பாறையில், குகைகளில் இரவு தங்கும். படகுக்காரர் ஓர் இடத்தில் எஞ்சினை நிறுத்தி, உச்சியைக் கை நீட்டிக் காட்டினார். நான் பார்த்தது புதரா, லங்கூரா என்று சத்தியம் செய்ய மாட்டேன். கொரியக் குடும்பத்துப் பாட்டி பார்த்தேன் என்று கைதட்டினார். அவருக்குக் கண் நல்ல கண்.

நாலு மணிக்குத் திரும்பும்போது காலையில் காலாற நடந்த மணல்திட்டு ஒன்று அப்படியே இல்லை. அதன்மேல் படகு ஓடியது.

வியாழன், காட் பா

இன்று பேருந்து மதியம்தான். காலையில் மருத்துவமனைக் குகைக்கு ஒரு நடை போனோம். அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சுக்குத் தப்ப, 1963 - 65-இல், சீன உதவியோடு மலைக்குள் கான்கிரீட் அறைகளாகக் கட்டிய ரகசிய மருத்துவமனை. மூன்று தளம், 17 அறைகள், 1975 வரை பயன்பாட்டில் இருந்தது. வெளியே நின்று பார்த்தால் மரங்கள் அடர்ந்த இன்னொரு பாறை, அவ்வளவுதான்.

சிலர் கேட்டிருந்தீர்கள், ஹாலாங், லான் ஹா இரண்டில் எதற்குப் போவது என்று. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நேராகக் காட் பாவுக்கு வந்துவிடுங்கள், சின்னப் படகில் போங்கள். துறையில் பேரம் பேசலாம், விடுதி மூலம் போனால் விலை கூடும். இரவில் நீரில் தூங்கித்தான் ஆகவேண்டும் என்றால் லான் ஹாவிலும் இரவு தங்கும் படகுகள் இருக்கின்றன, கூட்டம் குறைவு. சுங் ஸோட்டின் பெரிய மண்டபமும் டிட்டோவின் உச்சியும் வேண்டுமென்றால் ஹாலாங்தான். எங்கே போனாலும் அன்றைய நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று காலையிலேயே படகுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். விடுதியில் கேட்டால் வானிலையைத்தான் சொல்வார்கள்.

அடுத்த ஊரான நின் பின்னுக்குப் பேருந்து ஒன்றரைக்கு. காய் வியெங் துறையில் ஃபெர்ரி வரிசை நீளம் என்று சொல்கிறார்கள், அதனால் சீக்கிரமே வரச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி ஈரச் சட்டைகளை மின்விசிறிக்குக் கீழே பரப்பிவிட்டு இன்னும் தூங்குகிறான். எழுப்ப வேண்டும்.